ராகமாலை ஓவியத்தைப் படிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ராஜஸ்தானி சிற்றோவியம். காட்டில் ஒரு பெண் வீணையோடு நிற்கிறாள், சுற்றிலும் மான்கள். கீழே ‘தோடி ராகினி’ என்று சீட்டு. ராகம் ஒவ்வொன்றையும் ஓர் ஆளாக, ஒரு காட்சியாக வரைந்து தொகுக்கும் ராகமாலையின் ஏடு அது; ராகினி என்றால் பெண் ராகம். நாம் கேட்கும் தோடிக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம்? ஓவியர் ராகத்தைக் கேட்டுவிட்டுத்தான் வரைந்தாரா? சீட்டு இல்லாவிட்டாலும் படத்தைப் பார்த்தே ராகத்தின் பெயரைச் சொல்ல முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முடியும். நாற்பது அடையாளங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சுரஞானம் தேவையே இல்லை. ஏனென்றால் ஓவியரின் முன்னால் இருந்தவை இரண்டு: ராகத்தின் உருவத்தைச் சொல்லும் ஒரு சுலோகம், ஏற்கெனவே யாரோ வரைந்த படத்தின் பிரதி. ராகத்தின் ஆரோகண அவரோகணம், அதாவது சுரங்கள் ஏறி இறங்கும் வரிசை, அவர் முன்னால் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் ராகமாலை ஓவியங்களில் குழப்பமாகத் தெரிவதில் முக்கால்வாசி தெளிந்துவிடும்.

ராகத்துக்கு ஒரு தெய்வம், ஒரு பருவம், ஒரு பொழுது, ஒரு ரசம் (உணர்வு) உண்டு என்ற எண்ணம் பழையது. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்திலேயே அது இருக்கிறது. ஆனால் அங்கே உருவ வர்ணனை இல்லை. 1350-இல் சுதாகலசர் என்ற சமணர் எழுதிய சங்கீதோபநிஷத் சாரோத்தாரத்தில்தான் ராகங்களுக்கு முகம், கை, ஆயுதம், வாகனம் என்று சிலை வடிப்பதற்கான இலக்கணம் போலவே உருவம் சொல்லப்படுகிறது. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குஜராத்தில் எழுதிய கல்பசூத்திரம் என்ற சமண நூலின் சுவடி ஒன்றின் ஓரங்களில் அந்த மாதிரியே ராகங்கள் பல கைகளுள்ள தேவதைகளாக வருகின்றன. அடுத்த நூறு ஆண்டுக்குள் ஒரு பெரிய மாற்றம். தேவதைகள் இறங்கிப்போய், அந்த இடத்தில் காதலர்கள், அரசர்கள், தவசிகள், தனியே காத்திருக்கும் பெண்கள் வந்துவிட்டார்கள். கவிதையில் நாயிகா பேதம் என்று பேசப்பட்ட தலைவியர் வகைகள் ராகங்களோடு வந்து கலந்ததன் விளைவு இது. ஊடியிருப்பவள் ராம்கலி, குறித்த இடத்துக்குப் போக அலங்கரித்துக்கொள்பவள் விலாவல், விட்டுப் பிரிந்தவனின் படத்தைப் பலகையில் வரைபவள் தனாஸ்ரீ.

தோடிக்கு வருவோம். சங்கீத தர்ப்பணம் முதலான நூல்களில் வரும் தியான சுலோகத்தின் பொருள் இது: பனியும் குந்த மலரும் போல ஒளிரும் மேனி, அதில் குங்குமப்பூவும் கர்ப்பூரமும் பூசியிருக்கிறாள், வனத்தின் ஓரத்தில் மானுக்கு இன்பமூட்டிக்கொண்டு வீணையோடு விளங்குகிறாள், இவளே தோடி. நான்கு அடி, அவ்வளவுதான். இப்போது படத்தைப் பாருங்கள். வெளிர் மேனி, வீணை, மான், ஊருக்கு வெளியே என்பதைக் காட்ட ஒன்றிரண்டு மரங்கள். சுலோகத்தில் மான் ஒருமையில் வருகிறது. ஓவியர்கள் தாராளமாக மூன்று நான்கு வரைவார்கள், அவற்றில் முறுக்குக் கொம்புள்ள கரிய ஆண்மான் ஒன்று அநேகமாக இருக்கும். அந்த மான்களின் தலைகளைக் கவனித்தால் ஓவியர் இசையை எங்கே வைத்திருக்கிறார் என்று தெரியும். மேய்வதை நிறுத்திவிட்டு எல்லாம் கழுத்தை ஒரே பக்கம் திருப்பியிருக்கும். சில படங்களில் வீணையின் குடத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மானின் மூக்கு இருக்கும். கேட்கிறது என்பதைக் கோட்டில் காட்ட இதைவிட நேரான வழி கிடையாது.

வீணை என்றதும் நம் வீட்டு வீணையை நினைக்க வேண்டாம். இவை ருத்ரவீணை வகை: நீண்ட தண்டு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு சுரைக்குடுக்கைகள், ஒன்று தோளுக்கு மேலே, ஒன்று இடுப்புக்குக் கீழே. குடுக்கை ஒன்றுதான் தெரிகிறது என்றால் பெரும்பாலும் மற்றொன்று உடம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

ராகங்களை ஏன் ராகம், ராகினி என்று பிரித்தார்கள் என்பது அடுத்த முடிச்சு. பொதுவான கணக்கு 36. பைரவ், மால்கோஸ், ஹிந்தோல், தீபக், ஸ்ரீ, மேக என்று ஆறு ஆண் ராகங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஐந்து ராகினிகள் மனைவியர்; ஆறும் முப்பதும் முப்பத்தாறு. ரீவா அரசவையைச் சேர்ந்த மேஷகர்ணர் 1570-இல் எழுதிய ராகமாலை நூல் இவர்களுக்கு எட்டெட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிக்கையை எண்பதுக்கு மேல் கொண்டுபோனது. இமயமலை அடிவாரத்து பஹாரி ஓவியர்கள் பின்பற்றியது இதைத்தான். அதனால்தான் பஸோலி, பிலாஸ்பூர் படங்களில் ‘ராகபுத்திரன்’ என்ற தலைப்பு வருகிறது. ராஜஸ்தான் தொகுதிகளில் அநேகமாக வராது. மேஷகர்ணர் இன்னொரு அழகான வேலையும் செய்தார். ஒவ்வொரு ராகமும் எந்த ஒலியைப் போன்றது என்று விலங்கு, பறவை, வீட்டு வேலை ஓசைகளிலிருந்து உவமை கொடுத்தார். பஹாரி ஓவியர் சிலர் அந்த உவமையையே படமாக்கிவிட்டார்கள். எனவே ராகபுத்திரன் படத்தில் காதலும் இல்லாமல் பக்தியும் இல்லாமல் ஏதோ ஒரு வீட்டு வேலையோ ஒரு பிராணியோ நடுநாயகமாக இருந்தால் திகைக்க வேண்டாம். அங்கே வரையப்பட்டிருப்பது ஓசை.

இந்தக் குடும்ப அமைப்பில் இசை இலக்கணத்தைத் தேடி ஏமாறாதீர்கள். எந்த ராகினி யாருக்கு மனைவி என்பது நூலுக்கு நூல் மாறும். ராஜஸ்தான் ஓவியர்கள் பெரும்பாலும் கைக்கொண்ட வரிசையில் தோடி ஹிந்தோல ராகத்தின் மனைவி. ஹனுமான் மதம் என்று சொல்லப்படும் வரிசையில் அவளே மால்கோஸின் மனைவி. தேசாக் என்ற ‘ராகினி’யின் படத்தில் பெண்ணே கிடையாது: மல்லர்கள் கம்பம் ஏறுகிறார்கள், தண்டால் எடுக்கிறார்கள், எடை தூக்குகிறார்கள். நட ராகினியின் படத்தில் குதிரை வீரன் எதிரியின் தலையைச் சீவுகிறான். குடும்ப அட்டவணை மனப்பாடத்துக்கும் தொகுதியை முழுமையாக்குவதற்கும் உதவிய ஒரு சட்டகம், அவ்வளவே.

படத்தை எப்படிப் படிப்பது? முதலில் மேல்விளிம்பு. பெரும்பாலான ராஜஸ்தானி ராகமாலைகளில் மேலே மஞ்சள் பட்டை ஒன்று இருக்கும். அதில் தேவநாகரியில் சுலோகமோ பழைய ஹிந்தி ஈரடிப் பாடலான தோஹாவோ, ராகத்தின் பெயர், தொகுதியில் அந்த ஏட்டின் எண். எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகுதிகளில் பெரும்பாலானவை 20-ஆம் நூற்றாண்டில் பிரிக்கப்பட்டு ஏடு ஏடாக விற்கப்பட்டுவிட்டன. ஒரே தொகுதியின் ஏடுகள் இன்று மூன்று கண்டங்களில் கிடக்கின்றன. அளவு, விளிம்பின் நிறம், எழுத்தின் கை, எண் இந்த நான்கையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் அவற்றைத் திரும்பவும் ஒன்றுசேர்க்கிறார்கள். ஓரம் வெட்டப்பட்ட படத்தில் இந்த நான்கில் மூன்று போய்விடும். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை நறுக்கியவர்கள் செய்த நாசம் கொஞ்சமல்ல.

எழுத்து இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பின்னால் வந்த நூலகப் பொறுப்பாளரோ வியாபாரியோ எழுதிய பெயரும் இருக்கலாம். எழுத்தும் படமும் ஒத்துப்போகிறதா என்று அடையாளத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். அதிகம் குழப்பும் ஜோடிகளை மட்டும் சொல்கிறேன்.

விடியற்காலைப் படங்கள் இரண்டு. ஆண் கையில் மாலையோடு வெளியே போகிறான், கட்டிலில் பெண் தூங்குகிறாள், அவன் திரும்பிப் பார்க்கிறான் என்றால் அது லலித். இருவரும் கட்டிலில் இருக்க, அவன் மலர் வில்லை வளைத்துக் கூரை மேல் இருக்கும் சேவலைக் குறிவைக்கிறான் என்றால் விபாஸ். சேவல் கூவினால் இரவு முடிந்துவிடுமே என்ற கோபம் அது. ராகமாலை முழுவதிலும் ஒலி இவ்வளவு நேரடியாகக் கதைக்குள் வரும் படம் வேறில்லை என்பேன்.

வீணை ஏந்திய பெண்கள் இருவர். மான் இருந்தால் தோடி. மயிலும் தளிர்ப் படுக்கையும் இருந்தால் குஜரி. மயில் வரும் படங்களிலும் இரண்டைப் பிரித்தறிய வேண்டும்: கையில் இரண்டு மாலைகளோடு வெட்டவெளியில் மயில்களுக்கு நடுவே நிற்பவள் ககுபா, மின்னலைக் கண்டு வீட்டுக்குள் விரைபவள் மதுமாதவி. பின்னதில் வானத்தில் பொன்கோடு நெளிந்து நெளிந்து போகும். மழைத்துளிகளை வெள்ளைப் புள்ளிகளாகக் கோத்திருப்பார்கள்.

அதிகம் தவறாகப் பெயரிடப்படுவது தவசிகள் படம்தான். கேதார், பங்காளி, சேத்மல்லார், தேவகாந்தாரி நான்கிலும் சடாமுடியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நிலவும் இரவும் வீணையும் இருந்தால் கேதார் பக்கம் சாயலாம். குடிசை வாசலில் சிறுத்தையோ புலியோ சிங்கமோ படுத்திருந்தால் பங்காளி. மற்ற இரண்டுக்கும் எழுத்தோ, அதே பள்ளியின், அதாவது அதே பாணி ஓவிய மரபின், வேறு தொகுதியோ இல்லாமல் உறுதியாகச் சொல்வது சிரமம். அவசரப்பட்டுப் பெயர் வைக்காமல் விடுவதே நல்லது.

மற்றவை எளிது. ஊஞ்சல் என்றால் ஹிந்தோல். நான்கு தலையோடு பிரம்மா, எதிரே வேள்வித்தீ, பெண் ஒருத்தி: கம்பாவதி. அரசன் முன்னால் குதிரைமுகப் பாடகன்: ஸ்ரீ. ஏரிக்கரைச் சன்னதியில் லிங்கத்துக்குத் தாமரை சாத்தித் தாளம் தட்டும் பெண்: பைரவி. கிருஷ்ணன் மழையில் ஆடினால் மேக, பூத்த மரங்களுக்கு நடுவே ஆடினால் வசந்தம். கிருஷ்ணன் ஆடும் இந்த இரண்டையும் வானத்தைப் பார்த்துப் பிரியுங்கள், ஆட்டத்தைப் பார்த்து அல்ல. கையில் வாளும் யானைத் தந்தமும் என்றால் கானடா.

இனி ஆசாவரி. தோடியைப் போலவே சுலோகமும் படமும் நன்றாகப் பொருந்தும் இடம் இது. சந்தன மலையின் உச்சியில், மயிற்பீலி ஆடை உடுத்து, யானை முத்து மாலை அணிந்து, சந்தன மரத்திலிருந்து பாம்பை இழுத்து வளையலாக அணிபவள், ஒளிரும் கருநீல மேனியள் என்கிறது சுலோகம். படத்தில் ஒரு சபரப் பெண், வேட்டுவ மகள், பாறை மேல் உட்கார்ந்திருப்பாள். ஓவியர்கள் பலர் அவள் கையில் மகுடியைக் கொடுத்திருக்கிறார்கள். சுலோகத்தில் மகுடி இல்லை. பாம்பு ஏன் வருகிறது என்பதற்கு ஓர் இசைக் காரணம் வேண்டும் என்று படம் கேட்டிருக்கிறது, ஓவியர் கொடுத்திருக்கிறார். நல்ல கை வரைந்த ஆசாவரியில் மரத்தைச் சுற்றிய பாம்பு, பாறை இடுக்கில் பாம்பு, அவள் மடியை நோக்கி வரும் பாம்பு எல்லாவற்றின் தலையும் தோடியின் மான்களைப் போலவே ஒரே புள்ளியைப் பார்க்கும். சந்தன மலை என்பது வடமொழிக் கவிதையின் மலய பர்வதம், அதாவது நம் பொதிகையை உள்ளடக்கிய மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி. மேவாரிலும் பூந்தியிலும் இருந்த ஓவியர்கள் அதைக் கண்டவர்கள் அல்லர். அதனால் ராஜஸ்தானத்து ஆசாவரியில் பொதிகை இளஞ்சிவப்பு, ஊதா நிறப் பாறைக் குவியலாக இருக்கும்.

ஒரே காட்சி இருநூறு ஆண்டுகள் எப்படி மாறாமல் வந்தது? இங்கேதான் இரண்டாவது விஷயம், பிரதி. காசிக்கு அருகே சுனாரில் 1591-இல் ஒரு ராகமாலை வரையப்பட்டது. ஷேக் ஹுசைன், ஷேக் அலி, ஷேக் ஹாத்திம் என்ற மூவர் வரைந்தார்கள். முகலாய அரசவையின் மூத்த ஓவியர்கள் மீர் சையித் அலி, அப்துல் சமத் ஆகியோரின் மாணவர்கள் தாங்கள் என்று குறிப்பும் எழுதிவைத்தார்கள். அப்போது பூந்தியின் ஹாடா ராஜபுத்திரர்கள் முகலாயர் சார்பில் சுனாரில் பொறுப்பில் இருந்தார்கள். தொகுதி பூந்திக்குப் போயிற்று. அதன்பிறகு பூந்தியிலும், அதிலிருந்து பிரிந்த கோட்டாவிலும் வரையப்பட்ட ராகமாலைகளை அதனோடு பக்கத்தில் வைத்தால், தூண் எங்கே, குளம் எங்கே, தோழி எந்தப் பக்கம் என்பதுவரை அப்படியே தொடர்வதைக் காணலாம்.

இதற்குப் பட்டறை முறை காரணம். மெல்லிய மான்தோலையோ தாளையோ மூலப்படத்தின் மேல் வைத்துக் கோட்டை எடுப்பார்கள். பிறகு கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார்கள். புதிய தாளின் மேல் அதைப் போட்டுக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் புள்ளிபுள்ளியாக உருவம் இறங்கிவிடும். துளைத்தாள் புரண்டுவிட்டால் படம் இடம்வலம் மாறிவிடும். ஒரே காட்சி சில தொகுதிகளில் கண்ணாடியில் பார்த்தது போல இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பிரதிக்குப் பிரதி ஒரு பொருளின் அர்த்தம் நழுவுவதும் உண்டு: வாத்தியமாக இருந்தது வெறும் கோலாகும், சேவல் ஏதோ ஒரு பறவையாகும். சுலோகத்தை மறுபடி படித்துத் திருத்திய ஓவியரையும், கோட்டை மட்டும் எடுத்த ஓவியரையும் இப்படிப்பட்ட இடங்களில்தான் பிரித்தறியலாம்.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று நான்கு கைத்தாள்களை மாவுப்பசையில் ஒட்டி அட்டையாக்குவார்கள், பெயர் வஸ்லி. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் சிறிது மயில்துத்தம். காய்ந்தபின் அக்கீக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, காவியிலோ கரியிலோ கோடு போட்டு, மெலிதாக வெள்ளை பூசி, கீழே தெரியும் கோட்டின் மேல் திரும்ப வரைந்து, பிறகுதான் நிறம். சாதிலிங்கம், செந்தூரம், அரிதாரம், அவுரி நீலம், விளக்குக் கரி, பச்சைக்குச் செம்புக் கல் அல்லது செம்புக் களிம்பு. எல்லாவற்றையும் பிணைப்பது கருவேலம்பிசின். பிசின் குறைந்தால் நிறம் பொடியாக உதிரும், கூடினால் வெடித்துச் செதிலாகக் கிளம்பும். ஒவ்வொரு நிறப்பூச்சுக்குப் பிறகும் படத்தைக் கவிழ்த்துப் பளிங்கில் வைத்து முதுகுப்பக்கம் தேய்ப்பார்கள். நிறத்தின் அந்த எனாமல் போன்ற மினுக்கம் இதனால்தான். கண்ணிமை, முத்து, பொன் எல்லாம் கடைசியில், அணில் வால் முடியில் கட்டிய தூரிகையால். முத்துகள் கெட்டியான வெள்ளைப் புள்ளிகள். படத்தைச் சாய்த்துப் பார்த்தால் புடைப்புத் தெரியும். பஸோலிக்காரர்கள் மரகதத்துக்குப் பதில் பொன்வண்டின் சிறகோட்டை நறுக்கி ஒட்டினார்கள், இன்றும் அது மின்னுகிறது.

எது கெடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செம்புக் களிம்பு காலப்போக்கில் தாளையே எரித்து, பச்சை இருந்த இடம் பழுப்பாகி ஓட்டை விழும். செந்தூரமும் ஈய வெள்ளையும் காற்றுப்பட்டுக் கறுக்கும். அதனால் இன்று சாம்பல் முகத்தோடு தெரியும் பெண்ணைப் பார்த்து ‘துயர பாவம்’ என்று விளக்கம் எழுதிவிடக் கூடாது. ஆசாவரி, தனாஸ்ரீ போன்றோரின் கருமை சுலோகம் சொன்ன கருமை. முகத்தில் மட்டும் திட்டுத்திட்டாக வரும் கருமை ரசாயனம்.

பள்ளியை அடையாளம் காண நிறமும் வானமும் போதும். 1605-இல் நாசிருத்தீன் சாவண்டில் வரைந்த தொகுதி மேவாரின் தொடக்கம். முகலாயரோடு போர் ஓயாத காலத்தில், ராணா அமர்சிங் ஆட்சியில் வரைந்தது. தட்டையான சிவப்பும் மஞ்சளும், விளையாட்டுப் பொம்மை போன்ற உருவங்களும், அளவில் சிறிய கட்டடங்களுமாக அது ஒரு தனி உலகம். 1628-இல் உதயப்பூரில் சாஹிப்தீன் வரைந்ததில் அதே நிறங்கள் இன்னும் நாகரிகமாக அடங்கியிருக்கும். மாதோதாஸ் 1680-இல் வரைந்த மால்வா தொகுதியில் பின்னணி ஒற்றை நிறத்தில் இறுகியிருக்கும். அடர்ந்த வாழைத்தோப்பு, கீழே தாமரைக்குளமும் வாத்துகளும் என்றால் பூந்தி அல்லது கோட்டா. உயரமான பெண்கள், தாராளமான பொன், ஊதா கலந்த தரை என்றால் தக்காணம். அகமதுநகரிலோ அதைச் சுற்றியோ 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த சில ஏடுகள் இந்தக் கலை முழுவதிலும் உச்சம் என்பது என் கருத்து. பெரிய கண், சூடான மஞ்சள் தரை, சிவப்பு விளிம்பு, மேலே ஒரு கீற்று வானம்: பஸோலி. 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜெய்ப்பூரில் ராகமாலைகள் ஏராளமாகப் பிரதி எடுக்கப்பட்டன. பளிங்கு மாடங்கள் பளிச்சென்று இருக்கும், மான்கள் கேட்பதை நிறுத்திவிட்டிருக்கும்.

சரி, இசையோடு தொடர்பே இல்லையா? பொழுதிலும் பருவத்திலும் உண்டு. ஹிந்துஸ்தானியில் லலித் இன்றும் விடிவதற்கு முன் பாடப்படுகிறது, மேகும் மல்லார் வகைகளும் மழைக்காலத்துக்கு உரியவை, பசந்த் வசந்தத்துக்கு, ஸ்ரீ அந்தி நேரத்துக்கு. ஓவியம் இந்த உறவைப் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 400 ஆண்டுகளில் பல ராகங்களின் சுரங்கள் மாறிவிட்டன, தீபக் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்டது. ஆகவே பதிவு ஒன்றை ஓடவிட்டுக்கொண்டு படத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் சமானம் தேடுவது வீண்வேலை.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. பெயர் ஒன்று, ராகம் வேறு. ஹிந்துஸ்தானி மியான் கி தோடியின் சுரங்கள் நம் சுபபந்துவராளியினுடையவை. நம் தோடியின் சுரங்கள் அங்கே பைரவியில் இருக்கின்றன. அவர்களுடைய பைரவ் நமக்கு மாயாமாளவகௌளை. மால்கௌன்ஸ்தான் (ஓவியங்களில் மால்கோஸ்) நம் ஹிந்தோளம். அவர்களுடைய ஹிந்தோல் நம் சுநாதவினோதினிக்கு அருகில் வரும். அவர்களுடைய ஸ்ரீ பூர்வி தாட்டை (தாட்டு என்பது நம் மேளம் போன்ற சுரவகுப்பு) சேர்ந்தது, நம் ஸ்ரீராகம் கரகரப்பிரியாவில் பிறந்தது. எனவே ஊஞ்சல் படத்தைப் பார்த்துக்கொண்டு நம் ஹிந்தோளத்தில் அமைந்த ‘சாமஜவரகமனா’வை முணுமுணுத்தால் அது இனிமையாக இருக்கும், ஆனால் அந்தப் படத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

தமிழகத்தில் ராகமாலை ஓவிய மரபு ஏன் வளரவில்லை என்றும் கேட்கலாம். தெற்கே இலக்கணம் வேறு வழியில் போயிற்று. 1550-இல் ராமாமாத்தியர், 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி என்று சுரத்தானங்களை வைத்து மேளங்களாக வகுக்கும் முறை நிலைபெற்றது. ராகத்துக்குக் கணவன் மனைவி உறவு இங்கே வேரூன்றவில்லை. வடக்கிலும் அது நிலைக்கவில்லை. 1813-இல் பாட்னாவில் முகம்மது ரஸா எழுதிய நக்மாத்-எ-ஆசஃபி அதுவரை இருந்த ராக-ராகினிப் பிரிவுகளைச் சுர ஒற்றுமை இல்லாதவை என்று மறுத்தது; பின்னர் இசையறிஞர் பாத்கண்டேயின் பத்துத் தாட்டுகள் வந்தபோது பழைய குடும்பம் இசைக்கூடத்தை விட்டே வெளியேறியது. அரசவைகளின் ஆதரவும் அதே நூற்றாண்டில் வற்ற, புதிய தொகுதிகள் அருகின.

நேரில் பார்க்க தில்லி தேசிய அருங்காட்சியகம், காசி பாரத் கலா பவன், மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் மூன்றும் நல்ல இடங்கள். ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் பேராயர் வில்லியம் லாட் 1640-இல் கொடுத்த தொகுப்பிலும் ராகமாலைகள் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கு முதன்முதலில் போய்ச் சேர்ந்த இந்திய ஓவியங்களில் அவை சேரும். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று முதலில் பிராணிகளின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள், பிறகு வானம், பிறகு கையில் இருக்கும் பொருள், கடைசியாகச் சீட்டு.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கணக்குப் புத்தகத் தாளிலும் முத்திரைத் தாளிலும் புதிதாக வரைந்த ராகமாலைகள் ஜெய்ப்பூர், உதயப்பூர்க் கடைகளில் ஏராளம். புதிய வேலை என்று சொல்லி விற்றால் தவறேதும் இல்லை, நல்ல கைவேலை அது. பழையது என்று சொன்னால் பூச்சி அரித்த துளையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: உண்மையான பழைய படத்தில் துளை நிறத்தையும் தாளையும் சேர்த்தே துளைத்திருக்கும், புதியதில் நிறம் துளையின் விளிம்பில் வழிந்து உள்ளே இறங்கியிருக்கும். படத்தின் வெள்ளை டைட்டானியம் என்று சோதனையில் வந்தால் அந்த வெள்ளை 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. மேலே எழுதியிருக்கும் சுலோகத்தையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பல போலிகளில் அங்கே இருப்பது வேறு ராகத்தின் சுலோகமாகவோ, ஏதோ ஒரு கடனின் வட்டிக் கணக்காகவோ இருக்கும். நூறாண்டு கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பதால், விலை பேசுவதற்கு முன் அதன் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.